விரல் முட்டியில் ஒரு நீலச் சதுரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. என் முழங்கால் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது, அதன் பின்னாலேயே நானும் வெளியே வந்துவிட்டேன், அவ்வளவுதான். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜெலட்டினை எப்படிக் கரைப்பது, ஷீட்டை எப்படி வார்ப்பது, எந்தச் சூட்டில் உலர்த்துவது என்பதெல்லாம் லேப் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். பயந்துபோனவன் கை எந்த பாட்டிலை நோக்கிப் போகும் என்பதைச் சுவரில் ஒட்டவில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தக் கம்பெனியில் இருந்ததில்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் முதலில் கத்துவது நான். லிஃப்ட் கிளம்பிய பிறகு கடைசியாகக் கத்தலை நிறுத்துவதும் நான்.

நம் கம்பெனி அப்போது அடையாறில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பல் பிடுங்குவார்கள், மேலே நாங்கள் தீப்புண்ணுக்குப் போடும் ஷீட் செய்வோம். மீன் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின். மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தால் நம்மூரில் பாதிப் பேர் ஒரு காரணத்துக்காகவும் மீதிப் பேர் இன்னொரு காரணத்துக்காகவும் கையை இழுத்துக்கொள்வார்கள். மீன் என்றால் அனேகமாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் டைரக்டர் மட்டும் விதிவிலக்கு. மயிலாப்பூர்க்காரர். சொந்தச் சரக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு விற்ற மனிதர்.

மீன் ஜெலட்டினுக்கு ஒரு குணம் உண்டு: சூடு தாங்காது. உடம்புச் சூட்டிலேயே இளகி வழிந்துவிடும். அதன் இழைகள் தனித்தனியாக நழுவாமல் ஒன்றோடொன்று கட்டிப்போட ஒரு பொருள் வேண்டும். புத்தகத்தில் அதற்குக் குறுக்குப் பிணைப்பான் என்று பெயர், லேபில் லிங்கர். இதைப் புரிந்துகொள்ள நீங்கள் தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போக வேண்டும். யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை என்றால் ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். குடும்பம் குடும்பமாகக் கை கோத்துக்கொண்டால் கூட்டம் நெளிந்து வளைந்து நகரும். ஆனால் தெருவில் இருக்கிற எல்லாரும் எல்லார் கையையும் பிடித்துக்கொண்டால் ஒருத்தரும் அசைய முடியாது. ஷீட்டும் அப்படித்தான். கட்டு குறைந்தால் ரசம், கூடினால் அப்பளம். இடையில் எங்கேயோ ஒரு இடத்தில்தான் அது தோல்போல இருக்கும்.

லிங்கராக முதலில் நாங்கள் வைத்துப் பார்த்தது குளூட்டரால்டிஹைடு. வேகமான ஆசாமி, முரடன். ஷீட் மஞ்சளாகும், மடக்கினால் ஒடியும், கழுவி எடுக்காமல் மிச்சம் விட்டால் புண்ணில் வளர்கிற செல்லைக் கொன்றுவிடும். அதை விட்டுவிட்டு ஜெனிபினுக்கு வந்தோம். ஏதோ ஒரு பூச்செடியின் காயிலிருந்து எடுக்கிற பொருள். சாது. மெதுவாக வேலை செய்யும். புரதத்தைப் பிடித்துக்கொண்டால் நீலமாகிவிடும் என்பது மட்டும்தான் அதன் விசேஷம். அதனால்தான் நம் ஷீட் நீல நிறம். 'டிசைன் நல்லா இருக்கே' என்று கேட்டவர்களிடமெல்லாம் டைரக்டர் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், முறைப்படி அனுமதி வாங்கி, நோயாளிகளுக்கு அந்த ஷீட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தீப்புண் வார்டின் டாக்டரம்மா ஒரு நாள் காலையில் போன் செய்தார். என்னைவிட வயதில் சிறியவர். வணக்கம் சொல்வதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

"சார், உங்க ஷீட் ஜெல்லி மாதிரி வழிஞ்சு ஓடிடுச்சு. கத்திரி வெயில், வார்டுல ஃபேன் சுத்தறதே பெருசு, பேஷன்ட்டுக்கு வேர்த்துக் கொட்டுது. அந்தக் கேஸ் தொடைல, சமாளிச்சுட்டேன். அடுத்தது ஒரு டெய்லர். வலது கை, பின்பக்கம், விரல் முட்டி பூரா. இதுல வழிஞ்சா அந்த ஆளு தொழிலே போயிடும்."

விஷயம் என்னவென்றால், ஷீட் வழியாமல் நின்றுவிட்டால் அதன் அடியில் புண் பாட்டுக்கு ஆறும், மேலே அவர் மறுநாளிலிருந்தே விரலை மடக்கி நீட்டலாம். ஷீட் இல்லையென்றால் வாசலின் தடவிய வலைத்துணி. அதை அடிக்கடி பிரித்து எடுக்க வேண்டும். அந்த வலிக்குப் பயந்து யாரும் விரலை அசைக்க மாட்டார்கள். அசைக்காத விரல் முட்டி, புதுத் தோல் இழுத்துப் பிடிக்கிறபோது அப்படியே நின்றுவிடும்.

நான் போய் அவரைப் பார்த்தேன். காதர் பாய். பாண்டி பஜாருக்குப் பின்னால் சந்தில் பிளவுஸ் தைக்கிற கடை. ஸ்டீம் அயர்ன் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிக்கிற ஆவி கையில் அடித்திருக்கிறது. கட்டில் கம்பியில் கையை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள், வகுப்பில் கேள்வி கேட்பதற்குக் கையைத் தூக்கிய மாதிரி. கேள்வியும் கேட்டார்.

"டாக்டரம்மா ஏதோ சீட்டு ஒட்டுவேன்னாங்க. அது இன்னாத்துல செய்யறது நைனா?"

"மீன் தோல் பாய்."

"மீனா? அப்போ சரி. இன்னா மீனு, வஞ்சிரமா?"

"இல்ல பாய், சாதா மீன்தான்."

"ஒட்டறதுலகூட வஞ்சிரம் கெடையாதா நமக்கு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தூக்கிக் கட்டியிருந்த கையை அண்ணாந்து பார்த்தார். "தோலு கறுப்பா வரட்டும், செவப்பா வரட்டும், கவலையில்ல. மடங்கணும். வெரலு மடங்கணும் நைனா. கத்திரிக்கோலு புடிக்கிற கை."

மடங்கும் பாய், வலிக்கவும் வலிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஷீட் வழிந்து ஓடுகிற மாதிரியே இருந்தது. வழிந்தது என் சட்டைக்குள் வேர்வை என்று அடையாறு டெப்போவில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

பயந்தவன் கை எந்த பாட்டிலை நோக்கிப் போகும் என்று ஆரம்பித்தேனே, லிங்கர் பாட்டிலைத்தான். இளகுகிறதா, கட்டைக் கூட்டு. எங்களுக்கு அனுமதித்த அளவுக்குக் கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை உண்டு. அதுவரை கீழ் எல்லையை ஒட்டியே செய்துகொண்டிருந்தோம். நான் அந்த பேட்சுக்கு மேல் எல்லைக்கே போய்விட்டேன். என்னோடு வேலை பார்த்த செல்வி ஷீட்டை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கரையவில்லை. இழுத்துப் பார்த்தார். அறுந்துபோகவில்லை. மடக்கினால் ஒடியவும் இல்லை. செல்வி பட்டினப்பாக்கத்துப் பெண், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நல்ல செய்தியைக்கூட வம்புக்கு இழுக்கிற மாதிரிதான் சொல்வார்.

"சார், உன் சீட்டு ஆடி மாசம் வரைக்கும் கரையாதுபோலகீது. அந்தாளு கையோட பொறந்ததுன்னு நெனச்சுக்கப் போறாரு."

எல்லா டெஸ்ட்டிலும் பாஸ். கிருமி நீக்கி, பெட்டியில் போட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை பாய்க்கு ஆபரேஷன் தியேட்டர். வெந்த தோலைச் சுத்தம் செய்து ஷீட் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கே நம் கம்பெனியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த அரசாங்க விதியிலும் அது இல்லை, டைரக்டர் வைத்தது. ஷீட்டின் செய்முறையில் யார் கை வைத்தாலும், அந்த பேட்சிலிருந்து ஒரு சின்னச் சதுரம் வெட்டி அவர் தன் விரல் முட்டியில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் பூரா சுற்ற வேண்டும். சேர்ந்த புதிதில் ஏன் சார் இது என்று கேட்டேன். "நீ சமைக்கறதை நீ சாப்பிடாம ஊருக்குப் போடுவியாடா?" என்றார். அவர் வீட்டில் அவர் ஒரு நாளும் சமைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதால் மேலே கேட்கவில்லை.

வழக்கப்படி ஒட்டி ஒரு நாள் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். கத்திரி வெயிலில் அவசரம். ஒட்டியதும் அனுப்பியதும் ஒரே நாள் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அத்தை பேத்தி. பரிசுப் பையை ஒரு கையிலும் முட்டியில் ஒட்டிய நீலச் சதுரத்தை இன்னொரு கையிலுமாகப் போனேன். சாப்பிடப் போகுமுன் கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் பட்டு சதுரம் உரிந்து வந்தது. அது வழக்கம்தான். வழக்கமில்லாதது, சதுரத்துக்கு அடியில் என் தோல் நீலமாக இருந்தது.

இனி என் அறிவு வேலை செய்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு நீலமாகும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே இது மாரடைப்பு. கண்ணாடியில் உதட்டைப் பார்த்தேன். வாஷ்பேசினுக்கு மேலே நீல விளக்கு போட்டிருந்தார்கள், உதடும் நீலம். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த என் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, கையில மையி? எலெக்‌ஷன் எப்ப வந்துச்சு?"

"மாமா, நெஞ்சு..."

"முட்டியிலயா மை வைக்கிறாங்க இப்பல்லாம்? விரல்லதானே வைப்பாங்க?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா சோடா வாங்கி வரப் போனார். என் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். லேபில் என் லாக்கர் சாவி யாரிடமும் இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். கடைசியாக ஒரு முறை கையைப் பார்த்தேன். நீலத்துக்கு நாலு பக்கமும் கத்தரித்த மாதிரி நேர்க்கோடு. மாரடைப்பு சதுரமாக வருவதில்லை.

ஜெனிபின்தான். என் தோலும் புரதம்தானே. லிங்கருக்கு மீனும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான்.

சோடா வந்தது. நிம்மதியாகப் பாதி குடித்தேன். அதற்குள் அடுத்தது உறைத்துவிட்டது. இந்த முட்டியில் எத்தனையோ முறை நீல ஷீட் ஒட்டியிருக்கிறேன். ஷீட் நீலமாக இருக்கும், தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் ஷீட்டில் இருக்கிற லிங்கர் எல்லாம் ஏற்கெனவே மீன் இழைகளைப் பிடித்துக்கொண்டு கை நிறைய வேலையோடு இருக்கும். இந்த முறை தோலைப் பிடித்திருக்கிறது என்றால், இந்த ஷீட்டில் பிடிக்க ஆள் கிடைக்காத லிங்கர் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, ஈரம் பட்டதும் வெளியே வருகிறது. நான் அளவைக் கூட்டினேன். ஊறவைக்கிற நேரத்தையும் கழுவுகிற தண்ணீரையும் கூட்டவில்லை. எனக்கும் தோன்றவில்லை, செல்விக்கும் தோன்றவில்லை. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம், இருந்தது.

மேடையில் லைட் மியூசிக். வாசலுக்கு வந்து டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த பேட்சை நாளைக்குப் போட வேண்டாம்னு தோணுது. என் கை நீலமாயிடுச்சு."

"என்னடா சொல்றே? எல்லாம் பாஸ் ஆயிடுத்தோன்னோ?"

"ஆயிடுச்சு சார்."

"பின்னே என்ன? இந்த நீலத்தை வெளிநாட்டுல டாட்டூன்னு ஆசையா வரைஞ்சுக்கறான்."

"தோலுக்கு மேல வரைஞ்சுக்கிறான் சார். பாய்க்கு அந்த இடத்துல தோலே இல்லை."

அதற்கு அவர் சொன்னது என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. "சரி, நிறுத்திடு. நிறுத்திட்டு அவனுக்கு என்ன போடுவா? துணிதானே? பிச்சுப் பிச்சு எடுப்பா. வலியில அவன் வெரலை அசைப்பானா? நீ கையிலே ஒரு கறையைப் பார்த்துட்டுப் பயந்துண்டு, அவன் கையை முடக்கப் போறே. அதை யோசிச்சியோ?"

யோசிக்கவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெளியே வருகிற லிங்கர் எவ்வளவு, அது ஆறுகிற புண்ணை என்ன செய்யும், ஒன்றுமே செய்யாதா என்பது எனக்குத் தெரியாது. துணி போட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த கெடுதல் ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம். இந்தத் தொழிலில் உங்களை உட்கார வைக்கப்போகிற இடம் அதுதான். அங்கே லைட் மியூசிக் சத்தமாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆபத்தா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"தெரியாது டாக்டர்."

"எப்ப தெரியும்?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள." இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாக நேரம் குறித்துவிட்டது.

"சரி, லிஸ்ட்ல அவரைக் கடைசியாப் போடறேன். அதுவரைக்கும் அவர் சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. திட்டு வாங்க நீங்களே நேர்ல வாங்க."

செல்வி அப்போதுதான் லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே திரும்பிப் போனார். எடுத்து வைத்திருந்த சாம்பிளிலிருந்து பழைய பேட்ச் ஷீட் ஒரு துண்டு, புது பேட்ச் ஷீட் அதே அளவில் ஒரு துண்டு, தனித்தனி உப்புத் தண்ணீரில் போட்டு உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுப் போனார். யோசனை எளிமையானது. காலையில் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரில் ஏதாவது ஒரு புரதத்தைப் போடுவது. லிங்கர் வெளியே வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரே நீலமாகும்.

காலையில் நான் தெருமுனைக் கடையில் முட்டை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

"இன்னா சார், ஆம்லெட்டா?"

"வெள்ளைக்கரு. புரதம்."

"மஞ்சக்கருவை இன்னா பண்ணப் போறே?"

அதை ஒரு டம்ளரில் ஊற்றி மூடி வைத்தேன். இரண்டு பாட்டிலிலும் வெள்ளைக்கருவைக் கலந்தோம். ஜெனிபின் சாது, மெதுவாகத்தான் வரும். காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குச் சுத்தமாக வராத கலை. முறைத்துப் பார்த்தேன், டார்ச் அடித்தேன், ஜன்னல் பக்கம் தூக்கிப் போனேன், சட்டைப் பையில் வைத்தால் சூடு நன்றாக இருக்குமா என்று கேட்டேன். செல்வி பாட்டில்களைப் பிடுங்கிக் கதகதப்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பாத்துக்கினே இருந்தா பயந்துக்கினு வராது சார் அது. போய் டீ குடி."

டைரக்டர் வந்தபோது கீழே யாருக்கோ பல் பிடுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வி பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டிலையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்தார். பழைய பேட்ச், வைத்த மாதிரியே கலங்கல் வெள்ளை. புது பேட்ச், சொட்டு நீலம் போட்டு வேட்டி அலசின கடைசித் தண்ணீர் மாதிரி.

"இவ்ளோதானே?" என்றார் டைரக்டர். குரலில் நேற்று இருந்த தெம்பு இல்லை.

"சார், இம்மாந்துண்டு சீட்டுக்கே இது," என்றார் செல்வி. "அவரு கை பூரா போடப் போறாங்க."

டைரக்டர் பாட்டிலைக் கையில் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "அப்பவும் இது புண்ணைக் கெடுக்கும்னு சொல்ல முடியாது."

"முடியாது சார்," என்றேன். "நம்ம ஷீட் நல்லதுன்னு டெஸ்ட் பண்ணிக் காட்டினோமே, அது இந்த லிங்கர் வெளிய வராத ஷீட். இது வேற ஷீட். பேர் மட்டும்தான் ஒண்ணு."

அவர் பாட்டிலை மேஜையில் வைத்தார். போனை எடுத்து, டாக்டரம்மாவிடம் அவரே சொன்னார்: "இந்தப் பெட்டியை நீங்க தொறக்காதீங்கோ. நாங்க வரோம்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் பயத்தை நான் பாராட்டலை. உன் முட்டியைத்தான் பாராட்டறேன்," என்றார். எனக்கு அந்தக் கம்பெனியில் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

கழுவி, மறுபடி கிருமி நீக்கி வேறு ஷீட் தயார் செய்ய நேரம் கிடையாது. பழைய பேட்ச் ஷீட் வெயிலில் வழிந்துவிடும். வெந்த தோலை அதற்கு மேல் விட்டு வைக்கவும் கூடாது. துணிதான்.

பாய் தியேட்டருக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். டைரக்டர் முறையாக ஆரம்பித்தார்: பொருளின் தரம், எதிர்பாராத காரணம். பாய் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சீட்டு கெடையாதா?"

"கெடையாது பாய். அதுல ஒரு சந்தேகம் வந்துடுச்சு."

"அப்போ காலைலேந்து ஒரு டீத்தண்ணி இல்லாம கெடந்தேனே, எதுக்கு?"

"சந்தேகம் சரியான்னு பாக்கறதுக்கு."

"சரியா?"

"சரி."

மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். "துணி போட்டா மடங்குமா?"

டாக்டரம்மா சொன்னார்: "வலிக்கும் பாய். வலிச்சாலும் மடக்கணும். தெனமும் மடக்கணும்."

"அவுரு சீட்டுன்னா வலிக்காதுன்னாரே."

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதல் தடவை துணி பிரித்தபோது நான் போயிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். சத்தம் வெளியே வந்தது. அடுத்த தடவையும் போனேன். அப்போது சத்தத்தோடு திட்டும் வந்தது, உருதுவில் பாதி, தமிழில் பாதி. எனக்குத் தமிழ்ப் பாதி மட்டும் புரிந்தது, போதுமானதாக இருந்தது.

லேபில் செய்ய வேண்டியதைச் செய்தோம். லிங்கரைக் கூட்டினால் ஊறுகிற நேரமும் கழுவுகிற தண்ணீரும் சேர்ந்து கூட வேண்டும் என்று எழுதி வைத்தோம். நீங்கள் இன்று ஒவ்வொரு பேட்சுக்கும் சலித்துக்கொண்டே செய்கிற முட்டை டெஸ்ட், அன்று ஆரம்பித்ததுதான். தேறிய ஷீட் அதற்கப்புறம் வந்த நோயாளிகளுக்குப் போனது, வெயிலில் வழியவும் இல்லை. நல்லது. பாய்க்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பயந்துபோனவன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். நான் 'வழியுமா?' என்று கேட்டேன், 'வழியாது' என்று வந்தது, எடுத்துக்கொண்டு ஓடினேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், என் வாய்க்கு அது பொருந்தாது. பயப்படுங்கள். பயந்துகொண்டே இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். லிங்கர் கூடினால் பலம் மட்டும் கூடாது. கூடுகிற மற்றதெல்லாம் என்ன, அது எங்கே போகிறது?

புண் ஆறிக் கொஞ்ச காலம் கழித்து, டாக்டரம்மா எங்களையும் வரச் சொன்னார். பாய் வந்திருந்தார். கடை திறந்தாயிற்று என்றார். கையின் பின்பக்கம் புதுத் தோல், ரோஸ் நிறத்தில், சில இடங்களில் சுருங்கி இருந்தது. டாக்டரம்மா முஷ்டி பிடிக்கச் சொன்னார். பிடித்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் எல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டன. சுண்டு விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். விரல் வரவில்லை.

"கத்திரிக்கோல்?" என்றேன்.

"புடிக்கிறேன். துணியை இழுத்து நிறுத்தறதுக்குத்தான் இது வேணும். அதுக்கு வேற வழி கண்டுபுடிச்சுட்டேன்." பிறகு அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல், விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். "உங்க நீலத்தைப் போட்டிருந்தா இது மடங்கியிருக்குமா நைனா?"

டைரக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

ஷீட்டென்றால் பழைய பேட்சில் ஒரு துண்டு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மனிதனின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு வலது கை கிடையாது.

"மடங்கியிருக்கலாம் பாய்," என்றேன்.

"மத்த நாலும் மடங்காமயும் போயிருக்கலாம்."

"அதுவும்தான்."

"அப்போ உங்களைத் திட்டறதா வேணாமான்னுகூடத் தெரியாமப் போச்சு எனக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார். கடையில் ஆள் காத்திருக்கும் என்றார். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி இருந்த பையை வலது கையால் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பையின் காதை நாலு விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. சுண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு, அவர் நடைக்குத் தகுந்தபடி பையில் இடித்து இடித்துப் போனது.